அந்தமான் செலவு

'செலவு' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பதே முதற்பொருள். இன்று அதைப் பணத்துக்கு மட்டுமே உரியதாக்கிக்கொண்டோம். விடுமுறைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் குடும்பத் தலைவருக்கு இரண்டு பொருளும் ஒருசேர நினைவுக்கு வருதல் இயல்பே. நம் காலனியில் பள்ளி விடுமுறை நெருங்கும்போது வீடுதோறும் எழும் வினா ஒன்றுண்டு: இவ்வாண்டும் ஊருக்கா, அன்றி வேறெங்கேனுமா? ஊருக்குச் சென்றால் உற்றார் முகம் காணலாம்; குலதெய்வத்துக்குப் பொங்கலிடலாம். வேறெங்கேனும் சென்றால் பிள்ளைகள் புது உலகம் காண்பர். இந்த 'வேறெங்கேனும்' என்பதற்கு விடையாக அண்மைக் காலத்தில் பலர் வாயில் வருவது அந்தமான்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு அது பொருத்தமான விடையே. விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். கப்பலில் சென்றால் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். மூன்று நான்கு நாள் ஆகும். வெண்மணற் கரை, பச்சை மலை, பவளப் பாறை, பளிங்கு போன்ற நீர் ஆகியவற்றையெல்லாம் படத்தில் கண்டு மயங்காதார் இல்லை. எனினும், அந்தத் தீவுகளுக்கும் நம் நகருக்கும் உள்ள தொடர்பு இன்பச் செலவால் ஏற்பட்டதன்று. இங்கிருந்து அங்கே முதலிற் பெருந்திரளாகச் சென்றவர்கள் கையிலும் காலிலும் விலங்குடன் சென்றவர்கள். அவ்வரலாற்றை அறிந்து செல்பவர் காணும் தீவு வேறு. அறியாது செல்பவர் காணும் தீவு வேறு. எந்த விடுதியில் தங்குவது, எங்கே இட்லி கிடைக்கும் என்பனவற்றைச் சென்று வந்த அன்பர்கள் சொல்லுவர். எதைக் காணச் செல்கிறோம், எதைக் காணாமல் விடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நக்கவாரமும் நம் பெருமையும்

தமிழர் அந்தமான் என்றதும் சோழர் பெயரைச் சொல்லத் தொடங்குவர். அதற்குக் காரணம் உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தரசனை வென்றான். அவன் மெய்க்கீர்த்தியில் வெற்றி கொண்ட இடங்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மாநக்கவாரம். அது இன்றைய நிக்கோபார்த் தீவுகள் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. தஞ்சைக் கல்லில் பொறித்த பெயர் ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு தீவுக் கூட்டத்துக்கு வழங்கி வருவது நாம் மகிழத்தக்க செய்தியே.

ஆனால் மகிழ்ச்சி வேறு, மிகையுரை வேறு. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டபோது, சோழர்க்கு அத்தீவுகள் கடற்படைத் தளமாக இருந்தன என்ற பேச்சும் உடன் எழுந்தது. மெய்க்கீர்த்தியிலிருந்து நாம் உறுதியாகப் பெறுவது ஒரு பெயரும், அதன் சோலை வளம் பற்றிய ஓர் அடைமொழியுமே. கோட்டை கட்டியதாகவோ, கலம் நிறுத்தியதாகவோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. வென்ற இடங்களின் வரிசையில் ஒன்றாகக் கூறப்பட்ட தீவில் அப்போதும் மக்கள் வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. இன்று நிக்கோபார்ப் பகுதி பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. இன்பச் செலவுக்காக அங்குச் செல்ல இசைவு தருவதில்லை. ஆகவே, நக்கவாரத்தை நேரில் காண நமக்கு வழியில்லை. அதன் பெயரோடு நிறைவு கொள்ளுவோம்.

வெளியார் கூற்று எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற அவர், அந்தமான் மக்களுக்கு நாயின் தலை உண்டு என்றும், அவர்கள் மனிதரைத் தின்பவர் என்றும் கூறி வைத்தார். அக்கதை பல நூற்றாண்டுகள் உலகைச் சுற்றி வந்தது. அந்தத் தீவினரைப் பற்றிய அச்சமும், அச்சத்தினால் விளைந்த கொடுமையும் அக்கதைக்குப் பின்னே வந்தன.

கறுப்பு நீர்

ஆங்கிலேயர் அங்கே குடியேற முதன்முதல் முயன்றது 1789-இல். கப்பற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் என்பவர் தென் அந்தமானில் சாத்தம் தீவில் குடியிருப்பு அமைத்தார். சில ஆண்டில் அதனை வடக்கே மாற்றினர். நோயும் சாவும் மிகவே, 1796-இல் அடியோடு கைவிட்டனர். அதன்பின் அறுபது ஆண்டுகள் தீவு தன்னுரிமையோடு இருந்தது.

1857-இல் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அது அடக்கப்பட்டபோது, சிறைகள் கொள்ளாத அளவுக்குக் கைதிகள் சேர்ந்தனர். அவர்களைத் திரும்பி வர இயலாத இடத்துக்கு அனுப்ப ஆட்சியாளர் எண்ணினர். ஆக்ராச் சிறையில் கண்காணிப்பாளராக இருந்த வாக்கர் என்னும் மருத்துவர் 200 கைதிகளுடன் 1858 மார்ச் மாதம் கல்கத்தாவிலிருந்து 'செமிராமிஸ்' என்ற நீராவிக் கப்பலில் புறப்பட்டார். மார்ச் 10-ஆம் நாள் போர்ட் பிளேரை அடைந்தார். நம்மில் பலர் மாலையில் உலவச் செல்லும் இந்த ஹூக்ளி ஆற்றின் வழியேதான் அக்கப்பல் கடலுக்கு இறங்கியது.

காட்டை வெட்டும் வேலை கைதிகளுக்குத் தரப்பட்டது. காட்டுக்கு அப்பால் பர்மா இருக்கிறது, அங்கே நடந்தே போய்விடலாம் என்று நம்பிக் காட்டுக்குள் ஓடியவர் பலர். பசியாலும் அம்பினாலும் மடிந்தவர் போக, பிடிபட்டவருள் எண்பதுக்கு மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். கடல் கடந்தால் குலம் கெடும் என்று நம்பிய அக்காலத்தவர்க்கு, உயிரோடு இருப்பதும் ஒரு சாவாகவே இருந்தது. அதனாலேயே 'காலாபானி', அதாவது கறுப்பு நீர் என்ற பெயர் நிலைத்தது.

நீர் அங்கே கறுப்பன்று, நீலம். அந்த நீலத்தைக் காணச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று சொல்லவேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டு.

சிறையின் அமைப்பு

அங்கே காணவேண்டியவற்றுள் முதன்மையானது செல்லுலார்ச் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கிளைகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. அறை ஒன்றின் நீளம் பதின்மூன்றரை அடி, அகலம் ஏழரை அடி. ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் பின்புறத்தை நோக்கியிருக்கும். எனவே, ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தை அறையிலிருந்து காண இயலாது. ஒருவனை அடித்து வருத்துவதைக் காட்டிலும் தனிமையில் வைப்பது அவன் உறுதியை விரைவில் குலைக்கும் என்ற கணக்கே அக்கட்டடம்.

வங்கத்தின் பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத்தர், மராட்டியத்தின் சாவர்க்கர், பஞ்சாபின் கதர்க் கட்சியினர், பகத்சிங்கின் தோழர் படுகேசுவர தத்தர் எனப் பலர் அங்கே அடைபட்டனர். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்பது செக்கில் பூட்டப்பட்டவருக்கு விதி. 1933 மே மாதம் உண்ணாநோன்பு இருந்தபோது, வலிந்து உணவு புகட்டப்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாசர், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 1937-இல் மீண்டும் நோன்பு எழுந்தது. நாடெங்கும் குரல் கிளம்பியது. அதன்பின்னரே அரசியற் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

செக்கு என்றதும் நமக்கு வ.உ. சிதம்பரனார் நினைவு வரும். அந்தமானில் அவர் செக்கிழுத்தார் என்று கூறுவாரும் உளர். 1908-இல் அவருக்கு வாழ்நாள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். அந்தமானில் அவர் பெயரைத் தேடி ஏமாறவேண்டா. ஆனால் அங்குள்ள செக்கைக் காணும் பிள்ளைகள், கோயம்புத்தூரில் இருந்ததும் இத்தகையதே என்று உணர்வார்களாயின், பாடநூலில் படித்த ஒரு வரி அவர்களுக்குப் பொருளுடையதாகும்.

ஏழு கிளைகளுள் இன்று நிற்பவை மூன்றே. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தினாலும் பின்னர் இடித்ததனாலும் ஏனையவை மறைந்தன. எஞ்சியது 1979-இல் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஒரு தமிழர் ஆட்சியர்

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் 23-ஆம் நாள் சப்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் 30-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திரபோசு போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத் என்றும் சுவராஜ் என்றும் பெயரிட்டார். அதன்பின் ஆசாத் இந்து அரசின் சார்பில் அங்கே தலைமை ஆணையராக 1944 தொடக்கத்தில் அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்னும் இராணுவ மருத்துவர்.

சோழர் வெற்றியைப் பேசும் நம்மவர் இவரைப் பேசுவதில்லை. ஏனெனில் இவர் கதை வெற்றிக் கதையன்று. பட்டம் அவருக்கு, அதிகாரம் சப்பானியருக்கு. காவல்துறை அவர் கைக்கு வரவே இல்லை. ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் தீவு மக்கள் பிடிபட்டு வதைபட்டனர். பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் சிறையில் வதையுண்டு 1944 சனவரியில் இறந்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹோம்பிரேகஞ்சு என்ற இடத்தில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவை நடந்த சில வாரங்களுள் லோகநாதன் அங்கே சென்று சேர்ந்தார். பெயரளவு ஆட்சியில் சில மாதம் இருந்து, அவ்வாண்டிலேயே திரும்பினார்.

இவ்வரலாற்றை மறைப்பதால் நமக்குப் பெருமை கூடாது. அதிகாரம் இல்லாத பதவியை ஏற்ற நல்லவர் எத்தகைய இடர்ப்பாட்டில் நிற்பார் என்பதைக் கற்பதற்கு இதனினும் சிறந்த பாடம் அரிது. கொடி ஏறிய இடத்தில் வணங்கும் நாம், சுட்டுக் கொல்லப்பட்ட 44 பேர் நினைவிடத்திலும் சற்று நின்று வணங்குதல் முறை.

காணாமல் விடவேண்டியது

இனி இக்கட்டுரையின் முதன்மையான வேண்டுகோள். அந்தமானின் உரிமையாளர் கைதிகளும் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர் ஆகிய தொல்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்கின்றனர். 1858-க்குப் பின் வெளியாரோடு ஏற்பட்ட தொடர்பினால் தட்டம்மை முதலிய நோய்கள் பரவின. 1877-ஆம் ஆண்டுத் தட்டம்மை பெரிய அந்தமானியரைக் கொள்ளை கொண்டது. ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள் இன்று சில பத்துப் பேர். அவர்களுள் 'போ' என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. ஒரு மொழி மறைவதன் பொருள் என்ன என்பதை, பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவரோ என்று அஞ்சிச் சங்கம் வைத்திருக்கும் நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் யார்?

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அப்பகுதியில் சாலையை மூடவேண்டும் என்று 2002-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் வண்டிகள் அணிவகுத்துச் செல்லுதல் நிற்கவில்லை. பாராடாங்குத் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்வதாகக் கூறிக்கொண்டு, வழியில் ஜாரவாக்களைக் காணும் ஆசையோடு செல்பவர் பலர். உணவைக் காட்டி அவர்களை ஆடச் செய்த படம் 2012-இல் வெளியாகி நாட்டையே நாணச் செய்தது.

வடக்கே குடியிருக்கும் மக்களுக்கு அச்சாலை தேவை என்பர். அவர்கள் செல்லட்டும்; மருத்துவத்துக்கும் வாணிகத்துக்கும் செல்பவரைத் தடுப்பார் யார்? ஏழு நாள் விடுமுறைக்குச் செல்லும் நமக்கு அத்தேவை இல்லை. குகையைக் காணாமல் வந்தால் குறைவது ஒன்றுமில்லை. மனிதரைக் காட்சிப் பொருளாகக் கண்டு வந்தால் குறைவது நம் மதிப்பு. ஆதலின், பயணத் திட்டத்தில் அந்த ஒரு நாளை அடித்துவிடுங்கள் என்று வேண்டுகிறேன்.

அங்குள்ள நம்மவர்

2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். அதில் தமிழ் பேசுவோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் உள்ளனர். வங்கமும் இந்தியும் பேசுவோர்க்கு அடுத்த இடம் அவர்களுடையது. கூலி வேலைக்கும் மீன்பிடிப்புக்கும் கடை வைக்கவும் சென்றவர் பலர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவருள் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மிகக் கொடிதாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. ஒரு தீவிலிருந்து பெயர்க்கப்பட்டு மற்றொரு தீவில் வேர்விட்டவர்களை அலை மீண்டும் பெயர்த்தது.

போர்ட் பிளேரில் கைதிகளின் வழிவந்தோரும் உள்ளனர். மொழியும் குலமும் வேறான ஆணும் பெண்ணும் அங்கே மணந்து, இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு, 'உள்ளூரிற் பிறந்தவர்' என்ற ஒரே பெயரால் வழங்கினர். அண்டை வீட்டார் எம்மொழியினர் என்று பாராது வாழப் பழகும் நம் காலனி வாழ்வுக்கு அவர்கள் முன்னோடிகள். கடைத்தெருவில் தமிழ்க் குரல் கேட்டால் நின்று நலம் விசாரியுங்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாத தீவு வரலாறு அவர்களிடம் உண்டு.

பயணத் திட்டம்

காலத்தைப் பற்றி ஒரு சொல். கோடை விடுமுறையில் செல்ல எண்ணுவோர் ஆய்ந்து செல்க. தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடைவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாம் வாரத்தில் அந்தமானைத் தொடும். பூசை விடுமுறைக் காலமான அக்டோபரில் வங்கக் கடலில் புயல் அச்சம் உண்டு. டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். குளிர்காலப் பள்ளி விடுமுறையே நமக்கு ஏற்றது. அக்காலத்தில் கொல்கத்தாவைப் போலவே அங்கும் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே, காலையில் விரைந்து புறப்படுதல் வேண்டும்.

முதல் நாளைச் செல்லுலார்ச் சிறைக்கு வைத்துக்கொள்க. மாலையில் நிகழும் ஒலி ஒளிக் காட்சியில் அங்குள்ள அரசமரமே கதை சொல்லுவதாக அமைத்துள்ளனர். பிள்ளைகள் அதனை எளிதில் மறவார். இரண்டாம் நாள், முன்பு ராஸ் என வழங்கி 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு எனப் பெயர்பெற்ற சிறு தீவு. ஆங்கிலேயரின் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. அவர்கள் மாளிகைகளையும் கோயிலையும் இன்று மரவேர்கள் கவ்விப் பிடித்து நிற்கின்றன. மூன்றாம் நாள், ஹாரியட் மலை என்று வழங்கி 2021-இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றம் பெற்ற குன்று. 1891-ஆம் ஆண்டுப் போரில் தோற்ற மணிப்பூர் அரசர் குலச்சந்திர துவஜ சிங்கும் அவரைச் சார்ந்தோரும் நாடு கடத்தப்பட்டதன் நினைவு அப்பெயரில் உள்ளது. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் வைசிராய் மேயோ பிரபு இக்குன்றில் கதிரவன் மறையும் காட்சியைக் கண்டு இறங்கிப் படகேறும் வேளையில், ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார்.

எஞ்சிய நாள்களைக் கடலுக்குத் தருக. ஹாவ்லாக் என வழங்கிய சுவராஜ் தீவிலும், நீல் என வழங்கிய ஷஹீத் தீவிலும் மணலும் அலையும் நிறைய உண்டு. பவளத்தை ஒடித்தலும் எடுத்து வருதலும் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் விமான நிலையத்தில் அழுகை இராது.

துன்பம் நிகழ்ந்த இடத்தில் இன்பமாக இருக்கலாமா என்று சிலர் ஐயுறுவர். இருக்கலாம். அங்கே அடைபட்டோர் விரும்பியது, இந்நாட்டு மக்கள் தம் விருப்பப்படி போகவும் வரவும் உரிமை பெறவேண்டும் என்பதே. திரும்பி வருவதற்கான சீட்டையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு நாம் அக்கடலைக் கடக்கிறோம். அவர்களுக்குக் கிட்டாத சீட்டு அது. அதனை நினைவில் வைத்துக் குடும்பத்தோடு மகிழ்ந்து வருக.